இந்த வீட்டில் நானும் ஓர் ஆள்தான்

அன்புள்ள மாணவச் செல்வங்களுக்கும் உறவுகளுக்கும்,

நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டுப் பொறுமையாகப் படியுங்கள். முதல் பத்தியோடு நிறுத்திவிட்டு "சூப்பர் டீச்சர்" என்று போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் உங்கள் நோட்டைத் திருத்தியவள் நான்.

போன மாதம் எங்கள் வீட்டில் நடந்தது, நான் சொல்லாமலே பலருக்குத் தெரிந்துவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு ஒரு கருத்துச் சொன்னீர்கள். "பெரியம்மாவுக்கு அந்த ஆப்பை உபயோகிக்கத் தெரியல" என்றான் ஒருவன். "யூசர் எரர்" என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற பொம்மையும் போட்டாள் ஒருத்தி. "வயசானவங்க காலத்துக்கு ஏத்த மாதிரி மாறிக்கணும்" என்று ஒரு மாப்பிள்ளை அறிவுரை சொன்னார். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில். மகனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதும்மா, என் பேரைப் போட்டுராத" என்றான். போடவில்லை.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

கரூரில் இந்த வீட்டில் நானும் சாரும் மட்டும்தான். உங்களில் பலருக்கு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுத்தவர் அவர். இப்போது எழுபத்து மூன்று வயது. பார்க்கின்சன் நோய் வந்து ஐந்து வருடம் ஆகிறது. கை நடுக்கம் உண்டு, நடையில் தடுமாற்றம் உண்டு. வெயில் காலம் அவருக்கு ரொம்பச் சிரமம். நம் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வானிலைச் செய்தியில் "கரூர் பரமத்தி" என்ற பெயர் வராத மே மாதம் உண்டா? அதனால் இரண்டு வருடம் முன்பு படுக்கையறைக்கு ஒன்றரை டன் ஏசி போட்டோம். ரிமோட்டில் ஆன், ஆஃப், 26. எங்கள் உபயோகம் அவ்வளவுதான்.

மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். மே மாதம் லீவில் வந்தபோது பை நிறையச் சாமான் கொண்டுவந்தான். வாசல் கதவிலும் பின்கதவிலும் காந்தம் வைத்த சின்னப் பெட்டி ஒட்டினான். கதவு திறந்தால் காந்தம் விலகும், அதைக் கண்டுபிடித்துச் செய்தி அனுப்பும். ஹால் மூலையில் ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும் சென்சார். மாடிப்படிக்குக் கீழே சைரன். படுக்கையறையில், ரிமோட் மாதிரியே ஏசிக்கு உத்தரவு போடும் ஓர் உருண்டைப் பெட்டி. இரண்டு அறையில் விளக்கு சுவிட்சையும் மாற்றினான். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கிற ஹப் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எல்லாம் வைஃபை வழியாக அவன் போனுக்குப் போய்ச் சேரும். மூன்று நாள் ஏணியில் ஏறி இறங்கினான். பெற்றவளுக்குப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது.

"அம்மா, இனிமே திருட்டுப் பயம் இல்ல, இ.பி. பில்லும் குறையும். எல்லாம் தானா நடக்கும். நீ ஒண்ணுமே செய்ய வேண்டாம்" என்றான்.

அந்தக் கடைசி வரியை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அவன் ஊருக்குத் திரும்பிய நாள் இரவு ஒன்பதே கால் மணிக்கு, திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் கிளம்பினான். சார் மாத்திரை சாப்பிட்டுவிட்டு ஏசி அறையில் படுத்துவிட்டார். நான் கேட்டைப் பூட்டி, வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். பிள்ளை கிளம்பிப் போன வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் ஏசி நின்றது. விளக்கும் அணைந்தது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் ஜன்னல் வழியாகத் தெருவிளக்கு எரிவது தெரிந்தது. சரி, மெயினைப் பார்ப்போம் என்று ஹாலுக்குள் கால் வைத்தேன். சைரன் அலறியது.

அந்தச் சத்தத்தை எழுத்தில் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுத் தம்பி ஓடிவந்தான். எனக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. நிறுத்துவதற்கு வீட்டில் எங்கேயும் ஒரு பொத்தான் இல்லை, எல்லாம் ஆப்பில்தான். மகனுக்குப் போன் போட்டால் அவன் வேறு அழைப்பில் இருந்தான். பக்கத்து வீட்டுத் தம்பி நல்ல எண்ணத்தில் மெயினை ஆஃப் செய்தான். சைரன் நிற்கவில்லை, அதற்குள்ளே பேட்டரி இருக்கிறதாம். ஆனால் வைஃபை பெட்டி நின்றுவிட்டது, அது இன்வர்ட்டர் லைனில் இல்லை. அதற்கப்புறம் மகன் போனில் கிடைத்து, காரிலிருந்தே ஆஃப் பண்ணப் பண்ண, அந்த உத்தரவு வீட்டுக்கு வந்து சேர வழியில்லை. "மெயினைப் போடுங்க, மெயினைப் போடுங்க" என்று அவன் கத்துவது இந்தச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. சைரன் ஓய்வதற்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் சார் பதறி எழுந்து, இருட்டில் கட்டில் காலில் இடறி விழுந்தார். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. இடுப்பு எலும்பு தப்பியது கடவுள் புண்ணியம்.

இதுதான் நடந்தது. இனி இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று பார்ப்போம்.

அன்றைக்கு எந்தச் சாமானும் பழுதாகவில்லை. நானும் எதையும் தப்பாக அழுத்தவில்லை. வீடு, தனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே நடந்துகொண்டது. அதற்கு எழுதிக் கொடுத்திருந்த விதி இதுதான்: "எல்லோரும் வெளியே போய்விட்டால் ஏசியை நிறுத்து, விளக்கை அணை, அலாரத்தை ஆன் செய்." எல்லோரும் என்றால் யார்? அந்த ஆப்பில் பதிவான போன்கள். அதில் பதிவாகியிருந்தது ஒரே ஒரு போன், மகனுடையது. அவன் கார் நம் தெருவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், வீட்டில் யாரும் இல்லை என்று வீடு முடிவு செய்துவிட்டது. கட்டிலில் படுத்திருந்த சாரும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் கணக்கில் இல்லை. ஹாலுக்குள் நடந்தவள், அந்தக் கணக்குப்படி, திருடி.

இப்போது சொல்லுங்கள், யூசர் எரரா? நான் யூசரே இல்லையே! வருகைப் பதிவேட்டில் பெயரே எழுதாத பிள்ளை வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தால், பிள்ளை மேல் தப்பா, பதிவேடு எழுதியவர் மேல் தப்பா? முப்பத்து நான்கு வருடம் பதிவேடு எழுதியவள் கேட்கிறேன்.

எனக்குப் போன் உபயோகிக்கத் தெரியாது என்று சொல்கிறவர்கள், இந்தப் பதிவை எதில் தட்டிக்கொண்டிருக்கிறேன் என்று யோசியுங்கள். இ.பி. பில் கட்டுவதும் சாருக்கு மருந்து வரவழைப்பதும் இதே போனில்தான். எனக்கு அந்த ஆப்பை ஏற்றித் தராததற்குக் காரணம் எனக்குத் தெரியாது என்பது இல்லை, யாரும் கேட்கவில்லை என்பதுதான். "நீ ஒண்ணுமே செய்ய வேண்டாம்" என்று பாசத்தோடுதான் சொன்னான். ஆனால் வீட்டில் இருப்பவள் ஒன்றுமே செய்ய வேண்டாம் என்று நினைத்து அமைத்தால், ஒன்றுமே செய்ய முடியாதபடிதான் அமையும்.

மறுநாள் மகன் அழுதான். உடனே என் போனையும் அதில் சேர்த்தான். "இப்ப சரியாயிடுச்சும்மா" என்றான். நான் கேட்டேன்: "கண்ணு, நான் போனை எடுத்துக்கிட்டு உழவர் சந்தைக்குப் போறேன். உங்கப்பா வீட்டுல படுத்திருக்காரு. அவருகிட்ட இருக்கிறது பொத்தான் போன். இப்ப உன் வீடு என்ன செய்யும்?"

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

என்ன செய்யும்? மே மாதம் மதியம் பதினோரு மணிக்கு, உடம்பு சூட்டைச் சமாளிக்கச் சிரமப்படும் ஒரு பார்க்கின்சன் நோயாளி படுத்திருக்கும் அறையில் ஏசியை நிறுத்திவிட்டு, அவர் எழுந்து நடந்தால் சைரனை அடிக்கும். போன மாதம் நடந்ததைவிட இது மோசம். இன்னொரு பக்கமும் பாருங்கள். நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், என் போனைச் சார்ஜில் மறந்துவிட்டுப் போகிறேன். வீட்டில் ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அலாரம் தூங்கும். ஆக, இதைச் சரிசெய்ய இன்னொரு போனைச் சேர்ப்பது வழியே இல்லை. போனை ஆள் என்று எண்ணுகிற கணக்கே தப்பு. கணக்கு சார் பாஷையில் சொன்னால், முதல் வரியில் பிழை. அதற்குக் கீழே எத்தனை வரி சரியாகப் போட்டாலும் விடை வராது.

இனி, குழுவில் நீங்கள் சொன்ன ஒவ்வொரு நியாயத்துக்கும் வருகிறேன்.

முதலாவது, கரண்ட் மிச்சம். நாம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பில் கட்டுகிறோம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும். அதனால் மகன் கவலைப்பட்டதில் தப்பில்லை. ஆனால் ஆள் வெளியே போனதும் ஏசியை நிறுத்துகிற ஏற்பாடு யாருக்கு மிச்சம் பிடித்துத் தரும்? காலையில் இரண்டு பேரும் வேலைக்குப் போய், மாலையில் திரும்பும் வீட்டுக்கு. ஏசியை மறந்துவிட்டுப் போகிறவர்களுக்கு. நாங்கள் போவது எங்கே? சார் வாசலைத் தாண்டுவதே மாதத்தில் இரண்டு நாள். எங்கள் வீட்டில் மிச்சம் பிடிக்கும் வழி வேறு. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று, ஏசிக்கு நட்சத்திர முத்திரை கொடுக்கிற மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகமே சொல்கிறது. அதனால்தான் 2020 ஜனவரி 1 முதல், நட்சத்திர முத்திரை பெறும் அறை ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். நாங்கள் 26இல் வைத்து மின்விசிறியையும் சேர்த்துப் போடுகிறோம். அந்த மிச்சத்துக்கு எந்த ஹப்பும் தேவைப்படவில்லை.

இரண்டாவது, திருட்டுப் பயம். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாமா? வேண்டும். நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் ஹால் மூலையில் இருக்கிற சென்சார் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை. உடம்பிலிருந்து வரும் வெப்பம் நகர்வதைப் பார்க்கிறது. வீட்டுக்காரி நகர்ந்தாலும் திருடன் நகர்ந்தாலும் அதற்கு ஒன்றுதான். சுற்றியுள்ள காற்றைவிட மனித உடம்பு சூடாகத் தெரிவதுதான் அதற்கு ஆதாரம். நம் ஊரில் மே மாதம், பூட்டிக்கிடக்கும் ஹால் 37, 38 டிகிரிக்கு ஏறினால், உடம்புக்கும் காற்றுக்கும் வித்தியாசம் குறைந்து அதன் கூர்மையும் குறையும். இன்னொன்று, ஏசிக் காற்று நேரே படும்படியோ, அந்தக் காற்றில் திரைச்சீலை ஆடும் இடத்திலோ வைத்தால், ஆள் இல்லாமலே அலறும். ஏசியையும் அலாரத்தையும் ஆப்பில் சேர்ப்பதற்கு முன்னால், ஒன்று இன்னொன்றைக் கெடுக்காத இடத்தில் மாட்ட வேண்டும் என்பதுதான் முதல் பாடம். அந்தப் பாடத்தை யாரும் நடத்துவதில்லை.

வீட்டில் ஆள் இருக்கும்போது உள்ளே நடமாட்டம் பார்க்கும் சென்சாரே விழித்திருக்கக் கூடாது, கதவுகள் மட்டும் காவலில் இருந்தால் போதும். பெரும்பாலான அலாரங்களில் அதற்குத் தனி முறையே இருக்கிறது. எங்கள் அலாரத்திலும் இருந்தது. அதை யாரும் போட்டுத் தரவில்லை.

மூன்றாவது, "அங்கிருந்தே நான் பார்த்துக்குவேன்மா" என்பது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் சொல்வது இது. என்ன பார்க்கிறீர்கள்? அந்த உருண்டைப் பெட்டி ரிமோட்டைப் போல ஏசிக்கு ஒரு சமிக்ஞை அனுப்புகிறது. அது சாதாரணத் தபால் மாதிரி. ஒப்புகை அட்டை திரும்பி வராது. ஏசி அந்த உத்தரவை வாங்கியதா, நடுவில் யாராவது நின்று மறைத்தார்களா, இங்கே கரண்டே இல்லையா, எதுவும் அதற்குத் தெரியாது. நான் கையில் இருக்கும் ரிமோட்டால் ஏசியை நிறுத்தினாலும், மகன் போனில் "ஆன், 26" என்றே நிற்கிறது. அப்பா குளுகுளுவென்று படுத்திருக்கிறார் என்று அவன் அங்கே நிம்மதியாக இருப்பான், இங்கே அவர் பனியன் நனைந்து கிடப்பார். கிடைத்த தகவல் உண்மைதானா என்று சரிபார்க்கும் பழக்கம் போய்விட்டது. அதைவிட, "அம்மா, அங்கே இப்ப சூடா இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்பது எவ்வளவோ மேல்.

நான்காவது, "இதெல்லாம் பெரிய கம்பெனி சாமான், கோளாறு வராது" என்பது. 2016 ஜனவரியில், அமெரிக்காவில் நெஸ்ட் என்னும் பேர்பெற்ற தெர்மோஸ்டாட்டில் மென்பொருள் கோளாறால் பேட்டரி வடிந்து, நடுக் குளிர்காலத்தில் பலர் வீடு சில்லிட்டுப் போனது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற வீட்டுத் தானியங்கிக் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுபோயின. காசு கொடுத்து வாங்கியவர்கள் ஆப்பைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். 2025 அக்டோபர் 20ஆம் தேதி அமேசானின் கணினி மையத்தில் வந்த கோளாறால், வீட்டு வாசல் கேமராவும் குரல் உதவியும் உலகத்தில் பல இடங்களில் வேலை செய்யாமல் நின்றன. இவர்கள் யாரும் சில்லறை ஆட்கள் இல்லை. எங்கோ ஒரு தேசத்தில் இருக்கும் கணினியைக் கேட்டுவிட்டுத்தான் என் படுக்கையறை ஏசி ஓட வேண்டும் என்றால், அந்தக் கணினிக்குக் காய்ச்சல் வரும் நாளில் சாருக்கு வியர்க்கும். கோளாறு வராத சாமான் உலகத்தில் இல்லை. கோளாறு வந்தால் வீட்டில் இருப்பவர் கையில் என்ன மிஞ்சும் என்பதுதான் கேள்வி.

ஐந்தாவது, மாப்பிள்ளை சொன்ன "மாறிக்கணும்". ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும் என்பது. கூட்டல் தெரிந்த பிள்ளைக்கு அதை வைத்துப் பெருக்கல் சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்தது சுவரில் உள்ள சுவிட்ச், கையில் உள்ள ரிமோட். அது இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு மேலே புதுசைக் கட்டியிருந்தால் நாங்களும் கற்றுக்கொண்டிருப்போம். தெரிந்ததைப் பிடுங்கிவிட்டு, தெரியாததை மாட்டிவிட்டு, பரீட்சையை நடுராத்திரியில் வைத்தால், பிள்ளை தேறாது. அது பிள்ளையின் குற்றமா? வகுப்பில் நாற்பது பேருக்கும் ஒரு பாடம் புரியவில்லை என்றால், நடத்தியவள் திரும்ப நடத்த வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். உங்களுக்கே தெரியும்.

ஒன்று நியாயமாகச் சொல்ல வேண்டும். "டீச்சர், இது சிஸ்டத்தோட தப்பு இல்ல, அமைச்சதுல தப்பு" என்று என் மாணவன் ஒருவன் சொன்னான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், இப்போது கோயம்புத்தூரில் இதே வேலை செய்கிறான். நடந்ததைக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தான். அவன் சொன்னது சரி என்றே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் உள்ளே வந்ததும் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? சார் பக்கத்தில் உட்கார்ந்து, "சார், ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பீங்க? எந்தப் பக்கமா நடப்பீங்க?" என்று கேட்டான். ஐந்து நிமிடக் கேள்வி. அதை முதல் நாளே யாராவது கேட்டிருந்தால், இந்தக் கட்டு இருந்திருக்காது.

எல்லாவற்றையும் பிடுங்கி எறியச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எறியவில்லை. இப்போது எங்கள் வீட்டில் எப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன். பெற்றோருக்கு இப்படிப் போட்டுத் தர நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

1. போன் எங்கே போனாலும் அலாரம் தானாக ஆன் ஆகாது. வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைசியாக வெளியே போகிறவர், வாசலில் உள்ள எண் பலகையில் கையால் அழுத்தினால்தான் ஆன் ஆகும். திரும்பி வந்தால் எண்ணைப் போட அரை நிமிடம் அவகாசம் உண்டு.

2. சைரனை நிறுத்த இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று வாசல் எண் பலகை. இன்னொன்று சார் கட்டிலுக்குப் பக்கத்தில் பெரிய பொத்தான், நடுங்குகிற கைக்கும் தப்பாது. யாரும் நிறுத்தாவிட்டாலும் மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும்படி வைத்தாயிற்று.

3. ஏசிக்கு ரிமோட்தான் எஜமான். வீட்டில் இருப்பவர் எதை அழுத்தினாரோ அதுதான் தீர்ப்பு. தானியங்கி விதி எதுவும் ஏசியை நிறுத்தாது, ஒரே ஒரு விதியைத் தவிர.

4. அந்த ஒரு விதி புகை. கூரையில் மாட்டிய புகை அலாரம் தனக்கென்று பேட்டரி வைத்துக்கொண்டு, வைஃபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தானே அலறும். அதோடு, முடிந்தால் ஏசியை நிறுத்தும், எல்லா விளக்கையும் போடும். தீ பிடித்த அறையில் காற்றைச் சுழற்றக் கூடாது. சில சமயம் ஏசியின் வயரே தீக்குக் காரணமாக இருக்கும். அலாரத்தையும் ஏசியையும் சேர்த்துக் கட்டுவதில் உயிர் காக்கும் உபயோகம் என்றால் இதுதான். எங்கள் வீட்டில் ஆளைத் துரத்த எல்லாம் இருந்தது, இது மட்டும் இல்லாமல் இருந்தது.

5. படுக்கையறையில் ஒரு வெப்பமானி வைத்தாயிற்று. ஏசி ஆனா ஆஃபா என்று ஊகிக்காமல், அறையின் உண்மையான சூட்டைச் சொல்லும். 32 டிகிரியைத் தாண்டினால் முதலில் வீட்டுக்குள் மணி அடிக்கும், நான் போய்ப் பார்ப்பேன். பத்து நிமிடத்தில் இறங்காவிட்டால் மகனுக்குச் செய்தி போகும். அவன் எனக்குப் போன் செய்வான், நான் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு. எங்கள் வயதுக்கும் எங்கள் ஊருக்கும் வேண்டிய அலாரம் இது. திருடன் வருவது எப்போதோ, வெயில் வருவது வருடா வருடம்.

6. ஹப்பும் வைஃபை பெட்டியும் இன்வர்ட்டர் லைனுக்கு மாறிவிட்டன. கூடியவரை எல்லா விதியும் வீட்டுக்குள்ளேயே, இன்டர்நெட் இல்லாமல் ஓடும்படி மாற்றித் தந்தான். இப்போது மேட்டர் என்று ஒரு பொது ஏற்பாடு வந்திருக்கிறதாம். 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வந்தது. 2023 அக்டோபரில் வந்த 1.2 பதிப்பில்தான் அறை ஏசியும் புகை அலாரமும் சேர்ந்தன. வேறு வேறு கம்பெனி சாமான்கள் வீட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று பேச அது உதவும் என்றான். புதிதாக வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் சாமான்கள் ஒன்றோடொன்று பேசினால் மட்டும் போதாது. வீட்டில் இருப்பவர் சொல்வதையும் அவை கேட்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை, இது நம் உறவிலேயே ஒரு வீட்டில் பார்த்தது. ஏசியை மலிவான ஸ்மார்ட் பிளக்கில் சொருகி, போனில் ஆன் ஆஃப் செய்கிறார்கள். ஒன்றரை டன் ஏசி முழு ஓட்டத்தில் ஒன்றரை கிலோவாட் அளவுக்கு இழுக்கும், மணிக்கணக்கில் ஓடும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் செய்த 6 ஆம்பியர், 10 ஆம்பியர் பிளக் அதற்கு ஏற்றது இல்லை. சூடேறி உருகலாம். தீ அலாரத்துக்கு வேலை வைக்காதீர்கள். இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

இப்போது வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற என் பிள்ளைகளுக்கு. உங்கள் பாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. தூரத்தில் இருக்கிற குற்ற உணர்ச்சியை ஏதாவது வாங்கிப் போட்டு ஆற்றிக்கொள்ள நினைக்கிறீர்கள். அதுவும் எனக்குப் புரிகிறது, என் மகனும் அப்படித்தான். ஆனால் நீங்கள் இல்லாத வீட்டை உங்கள் போனுக்குத் தோதாக அமைக்காதீர்கள். வருடத்தில் பதினெட்டு நாள் இருக்கிறவன் போனில் எல்லாச் சாவியும், முந்நூற்று நாற்பத்தேழு நாள் இருக்கிறவள் கையில் ஒன்றும் இல்லை என்பது பாதுகாப்பு ஆகாது. எங்கள் வீட்டில் சுவிட்ச் எங்கள் கையில் இருக்க வேண்டும். இது பழமைவாதம் என்றால், நான் பழமைவாதி என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

வழக்கம்போல வீட்டுப்பாடம் உண்டு. பெற்றோருக்கு இப்படி ஏதாவது போட்டுத் தந்திருப்பவர்கள், அடுத்த முறை ஊருக்கு வரும்போது இதைச் செய்யுங்கள். வைஃபை பெட்டியை ஆஃப் செய்யுங்கள். உங்கள் போனையும் ஆஃப் செய்து பையில் போடுங்கள். அப்பா அம்மாவிடம், "ஏசியைப் போடுங்க, நிறுத்துங்க. அலாரத்தை வையுங்க, எடுங்க" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். உதவி செய்யக் கூடாது. அவர்களால் முடிந்தால் நீங்கள் பாஸ். முடியவில்லை என்றால் ஃபெயிலானது அவர்கள் இல்லை.

சாருக்கு அடுத்த வியாழக்கிழமை கட்டுப் பிரிக்கிறார்கள். போன் செய்து விசாரித்த எல்லோருக்கும் நன்றி. அவருக்கு வலது கை நன்றாகத்தான் இருக்கிறது, சுடோக்கு போடுகிறார். இதைப் படித்துக் காட்டினேன். "நீளம் ஜாஸ்தி, ஆனா கணக்கு சரி" என்றார்.

மறுத்துப் பேச நினைப்பவர்கள் கமெண்டில் பேசுங்கள், பதில் சொல்கிறேன். சிரிக்கிற பொம்மை மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்